இல்லாத ஹோட்டலுக்கு வரலாறு எழுதுவது எப்படி

சில ஆண்டுகளுக்கு முன் நியூஜெர்சியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், அட்டைப்பெட்டி நிறையக் கிடந்த பழைய அஞ்சலட்டைகளிலிருந்து ஒன்றை எடுத்தேன். படத்தில் கடலைப் பார்த்து நிற்கும் பெரிய கட்டடம். நடுவில் குவிமாடம், அதையொட்டிக் கோபுரங்கள் போல எழுந்த புகைபோக்கிகள், கீழே மரப்பலகை நடைபாதையில் தொப்பி அணிந்த கூட்டம். படத்தின் ஓரத்து வெள்ளை இடத்தில் பென்சிலால் நெருக்கி எழுதிய நான்கு வரிகள் இருந்தன. மேல்தளத்து ஜன்னல் ஒன்றின்மீது சிறிய பெருக்கல் குறி போட்டு, 'இதுதான் எங்கள் அறை' என்று எழுதியிருந்தார்கள். அது அட்லாண்டிக் சிட்டியில் இருந்த மார்ல்பரோ-பிளெனிம் ஹோட்டல். இன்று அந்த ஜன்னலும் இல்லை, அந்தச் சுவரும் இல்லை.

அந்த அட்டையில் தேதி இல்லை, அஞ்சல் முத்திரையும் அழிந்திருந்தது. ஆனாலும் அதன் காலத்தை ஏறத்தாழ ஓராண்டுக்குள் அடக்கிவிட முடிந்தது. அமெரிக்காவில் அஞ்சலட்டையின் பின்புறத்தில் முகவரியோடு செய்தியையும் எழுதலாம் என்ற அனுமதி 1907 மார்ச் 1 முதல்தான் வந்தது. அதற்கு முன் அச்சடித்த அட்டைகளின் பின்புறம் முகவரிக்கு மட்டுமே உரியது என்பதால், மக்கள் படத்தின் ஓரத்தில்தான் எழுதினார்கள். என் கையில் இருந்த அட்டையும் அப்படிப்பட்டதே. படத்தில் தெரியும் பிளெனிம் பகுதியோ 1906இல் திறக்கப்பட்டது. ஆகவே அந்த அட்டை அச்சானது இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில்தான் இருக்க வேண்டும். மீந்துபோன பழைய அட்டையைப் பிறகு யாரேனும் வாங்கி அனுப்பியிருக்கலாம் என்பதால், எழுதிய காலத்தைப் பற்றி மட்டும் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

மறைந்த கடற்கரை ஹோட்டல் ஒன்றின் வரலாற்றை எழுத விரும்புகிறவர்கள் இந்த வகை நுணுக்கத்தைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இப்படிப்பட்ட ஹோட்டல்களைப் பற்றி இன்று சொல்லப்படும் கதைகளில் பெரும்பகுதி, அவற்றின் உரிமையாளர்களே அச்சிட்டுக் கொடுத்த விளம்பரத் தாள்களிலிருந்து பிறந்தவை. ஹோட்டலைப் புகழ்வதற்காக எழுதிய தாளைவிட, காப்பீட்டுக்காகவோ வரிக்காகவோ கணக்கெடுப்புக்காகவோ எழுதிய தாளை நம்புங்கள். மார்ல்பரோ-பிளெனிமை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். வேறு ஊரின் ஹோட்டலுக்கும் இதே வழி பொருந்தும்.

தேடுமுன் ஒரு நோட்டுப் புத்தகம்

முதலில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கி, பக்கத்தை மூன்று பத்திகளாகக் கோடிட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் செய்தி, இரண்டாவதில் அது எந்தத் தாளில் கிடைத்தது என்பது, மூன்றாவதில் அந்தத் தாள் எந்த ஆண்டில் உருவானது என்பது. மூன்றாவது பத்திதான் முக்கியம். 1902இல் நடந்த ஒன்றை 1902இன் செய்தித்தாள் சொல்வதற்கும் 1978இன் செய்தித்தாள் சொல்வதற்கும் இடையே 76 ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் ஒரு செய்தி எத்தனை வாய் மாறியிருக்கும் என்பதை நோட்டுப் புத்தகமே உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். கணினியில் அட்டவணை போட்டாலும் சரி, ஆனால் மூன்றாவது பத்தியைக் காலியாக விட்டு எந்தச் செய்தியையும் சேர்க்காதீர்கள்.

அடுத்து, ஊரின் கதையை நான்கைந்து வரிகளில் எழுதிவையுங்கள். அட்லாண்டிக் சிட்டிக்கு அது இப்படி அமையும்: அப்சீக்கன் தீவின் மணல்மேட்டில் 1854இல் ரயில் வந்தது, அதே ஆண்டில் நகரமும் உருவானது, பிலடெல்பியாவின் வெக்கையிலிருந்து மக்கள் கடற்காற்றுக்கு வந்தார்கள், அவர்கள் காலோடு கொண்டுவந்த மணல் ஹோட்டல் கூடங்களையும் ரயில் பெட்டிகளையும் பாழாக்கியதால் 1870இல் கடலோரமாக மரப்பலகை நடைபாதை ஒன்றைப் போட்டார்கள். போர்டுவாக் என்று உலகம் முழுவதும் பெயர்பெற்ற அந்த நடைபாதைதான் பெரிய ஹோட்டல்களின் முகப்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதையே முடிவுசெய்தது. ஊரைப் பற்றி இதற்குமேல் இப்போது தேவையில்லை. ஊர்க் கதையிலேயே ஆழ்ந்துபோய் ஹோட்டலை எட்டாமல் நின்றுவிடுவது, இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு.

பெயரும் மனையும்

ஹோட்டலின் பெயரை அதன் எல்லா வடிவங்களிலும் எழுதிவையுங்கள். ஜோசையா ஒயிட் என்ற, குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த விடுதி உரிமையாளர் ஓஹையோ அவென்யூவுக்கும் பார்க் பிளேசுக்கும் இடைப்பட்ட மனையில் 1902இல் கட்டியது மார்ல்பரோ ஹவுஸ். 1906இல் அதனோடு சேர்ந்தது பிளெனிம். அதன்பின் இரண்டும் சேர்ந்து மார்ல்பரோ-பிளெனிம். ஆகவே 1903இன் செய்தித்தாளில் முழுப்பெயரைத் தேடினால் எதுவும் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதற்காக ஹோட்டலே அப்போது இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

பெயருக்குள்ளேயே ஒரு சான்று ஒளிந்திருக்கும். மார்ல்பரோ ஹவுஸ் என்பது லண்டனில் வேல்ஸ் இளவரசர் வாழ்ந்த மாளிகை. பிளெனிம் என்பது மார்ல்பரோ பிரபுக்களின் ஆக்ஸ்போர்டுஷயர் அரண்மனை. 1895இல் அமெரிக்கச் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த கான்சுவலோ வாண்டர்பில்ட் ஒன்பதாவது மார்ல்பரோ பிரபுவை மணந்த செய்தி அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டது. ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு கடற்கரை விடுதிக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் யாருடைய ஆசைக்குத் தூண்டில் போட்டார் என்று ஊகிப்பது கடினமல்ல. ஆனால் இது என் ஊகம். நோட்டுப் புத்தகத்தில் இப்படிப்பட்டவற்றை வேறு நிற மையில் எழுதுவது என் வழக்கம்.

மனையைப் பொறுத்தவரை, தெருப் பெயர்கள் மாறும் என்பதை மறக்காதீர்கள். அதே போர்டுவாக்கில் சற்றுத் தள்ளி இருந்த டிரேமோர் ஹோட்டல் இல்லினாய் அவென்யூவின் முனையில் நின்றது; அந்தத் தெரு இன்று மார்ட்டின் லூதர் கிங் பெயரில் இருக்கிறது. பழைய பெயரை வைத்துக்கொண்டு இன்றைய வரைபடத்தில் தேடுகிறவர் அலைய நேரும். மோனோபலி ஆடியவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு: 1935இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அந்தப் பலகை விளையாட்டின் தெருப்பெயர்கள் அட்லாண்டிக் சிட்டியிலிருந்து எடுத்தவை. அதில் விலை உயர்ந்த இரண்டு கட்டங்களான போர்டுவாக்கும் பார்க் பிளேசும் சந்திக்கும் மூலையில்தான் நம் ஹோட்டல் இருந்தது.

தீக்காப்பீட்டு வரைபடம்

எனக்கு ஒரே ஒரு ஆவணத்தைத்தான் தருவார்கள் என்றால், நான் கேட்பது தீக்காப்பீட்டு வரைபடத்தை. சான்போர்ன் என்ற நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க நகரங்களைக் கட்டடம் கட்டடமாக அளந்து, பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கு 50 அடி என்ற அளவில் வரைபடங்களை அச்சிட்டது. எந்தக் கட்டடம் எளிதில் தீப்பற்றும், எதற்கு எவ்வளவு காப்பீட்டுத் தொகை வாங்கலாம் என்று முடிவுசெய்வதற்காக உருவானவை என்பதால், அவற்றில் புகழ்ச்சி கிடையாது. செங்கல் சுவர் இளஞ்சிவப்பு, மரக்கட்டடம் மஞ்சள், கல் நீலம் என்று நிறத்தாலேயே எல்லாம் தெரிந்துவிடும். மாடிகளின் எண்ணிக்கை, சமையற்கூடம், கொதிகலன் அறை, தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் ஆகியவையும் சிறு எழுத்துகளில் குறிக்கப்பட்டிருக்கும். வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம் இவற்றில் பெரும் எண்ணிக்கையிலானவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

ஒரே மனைக்கு வெவ்வேறு ஆண்டுகளில் வெளிவந்த தாள்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மஞ்சள் மறைந்து வேறு நிறம் வரும் இடத்தில் உங்கள் கதையின் திருப்பம் இருக்கிறது. சில தாள்களில் பழைய கட்டடத்தின்மேல் புதிய கட்டடத்தை வரைந்த துண்டுக் காகிதத்தை ஒட்டியிருப்பார்கள். முழு வரைபடத்தையும் மறுபடி அச்சிடாமல் திருத்துவதற்கு அந்நிறுவனம் கண்ட வழி அது. அப்படி ஒட்டிய தாளில் தலைப்பில் இருக்கும் ஆண்டு ஒன்று, ஒட்டிய ஆண்டு வேறு. தலைப்பில் இருக்கும் ஆண்டை அப்படியே நோட்டில் குறித்துவிட்டுப் பின்னால் வருந்தியவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: விளிம்பில் திருத்தத் தேதி இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுதுங்கள்.

நிறம் ஏன் மாறியது என்று கேட்டால் அட்லாண்டிக் சிட்டியில் விடை எளிது. 1902 ஏப்ரலில் போர்டுவாக்கை ஒட்டிய ஹோட்டல்கள் பல ஒரே தீயில் எரிந்தன. மரத்தால் கட்டிய ஊருக்கு அது பெரிய பாடம். மூன்றாண்டுகள் கழித்து விரிவாக்க வேலையைத் தொடங்கிய ஒயிட், பிலடெல்பியாவின் பிரைஸ் அண்ட் மெக்லானஹன் என்ற கட்டடக்கலைஞர்களிடம் அதை ஒப்படைத்தார். வில் பிரைஸ் பிளெனிமை இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட்டில் எழுப்பினார். நம் ஊரில் இன்று மாடிவீடு கட்டும் எவரும் ஆர்.சி.சி. என்று சர்வ சாதாரணமாகச் சொல்லும் அதே முறைதான். 1906இல் அது புதிது; ஒரு பெரிய ஹோட்டலை முழுக்க அதில் கட்டுவது துணிச்சல். கான்கிரீட் தீக்கு அஞ்சாது; அச்சில் வார்ப்பதால் வளைவும் குவிமாடமும் எளிது; ஆகவே பெயர் ஆங்கிலேயருடையதாக இருந்தாலும் கட்டடத்தின் தோற்றம் ஸ்பானிய, மூரிய பாணியைத் தழுவியது. பெயருக்கும் உருவத்துக்கும் இடையே இருந்த இந்தப் பொருத்தமின்மை எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் ஹோட்டலிலும் இப்படி ஒன்று இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள்.

பத்திரங்கள்

வீட்டுமனை வாங்கும்போது தாய்ப்பத்திரம் வரை பின்னோக்கிப் பார்க்கிறோமே, அதே வேலைதான் இங்கும். மாவட்டப் பதிவு அலுவலகத்தில் கடைசி விற்பனைப் பத்திரத்தைப் பிடித்து, அதில் குறித்திருக்கும் முந்தைய பத்திரத்தின் புத்தக எண், பக்க எண் வழியாக ஒவ்வொன்றாகப் பின்னால் செல்லுங்கள். விற்பனைகளுக்கு நடுவே அடமானப் பத்திரம் தென்பட்டால் கூடுதல் கவனம் வேண்டும். புதிய கட்டடம் எழுவதற்குச் சற்று முன்பும், ஹோட்டல் நொடிக்கத் தொடங்கும்போதும் அடமானங்கள் கூடும். மார்ல்பரோ-பிளெனிமைப் பொறுத்தவரை, 1977 வரை அது ஒயிட் குடும்பத்தின் கையிலேயே இருந்தது என்பது முக்கியமான செய்தி. முக்கால் நூற்றாண்டு ஒரே குடும்பம் நடத்திய ஹோட்டலின் கதையும், ஐந்தாறு கைமாறிய ஹோட்டலின் கதையும் ஒன்றாக இருக்க முடியாது.

படங்களுக்குக் காலம் குறித்தல்

படங்கள் ஏராளமாகக் கிடைக்கும். தேதியோடு கிடைப்பவை சில. டெட்ராய்ட் பப்ளிஷிங் என்ற நிறுவனம் கண்ணாடித் தகடுகளில் எடுத்த அட்லாண்டிக் சிட்டிப் படங்கள் காங்கிரஸ் நூலகத்தில் மிகப் பெரிய அளவில் கிடைக்கின்றன. பட்டியலில் பத்து, பதினைந்து ஆண்டுகள் நீளும் அகன்ற இடைவெளியைத்தான் கொடுத்திருப்பார்கள். அதைக் குறுக்குவது உங்கள் வேலை.

அதற்கான திறவுகோல் அக்கம்பக்கத்துக் கட்டடங்களிடம் இருக்கிறது. மார்ல்பரோ மட்டும் தெரிந்து பிளெனிம் இல்லையென்றால் படம் 1902க்கும் 1906க்கும் இடைப்பட்டது. பிளெனிமின் குவிமாடம் தெரிந்து, வடக்கே டிரேமோர் இருந்த இடத்தில் இன்னும் பழைய கட்டடமே நின்றால் 1915க்கு முந்தையது. 1879இல் பத்து அறைகளோடு தொடங்கிய டிரேமோர், அதே வில் பிரைஸின் கையால் 1914-15இல்தான் மஞ்சள் குவிமாடங்கள் கொண்ட 600 அறைப் பெருங்கட்டடமாக உருவெடுத்தது. பிரைஸ் 1916இல் இறந்துவிட்டார். பூங்காவுக்குப் பின்னே ஊசிபோல் உயர்ந்த கிளாரிட்ஜ் ஹோட்டல் தெரிந்தால் படம் 1930க்குப் பிந்தையது. கடலுக்குள் ஹைன்ஸ் நிறுவனத்தின் நீள்பாலம் முழுசாகத் தெரிந்தால் 1944 செப்டம்பருக்கு முந்தையது, ஏனெனில் அந்த மாதம் வீசிய பெரும்புயல் அதைக் கொண்டுபோய்விட்டது. இப்படி உங்கள் ஊருக்கும் ஓர் அட்டவணை செய்துகொண்டால், முகமறியாத படமும் தன் வயதைச் சொல்லிவிடும்.

அஞ்சலட்டைகளிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் அச்சகத்தார் விரும்பிய நிறத்தைப் பூசினார்கள்; கொடிகளைச் சேர்த்தார்கள், மின்கம்பங்களை அழித்தார்கள், வெறிச்சோடிய கடற்கரையில் கூட்டத்தை ஒட்டினார்கள். குவிமாடத்தின் நிறத்தை அஞ்சலட்டையை வைத்து எழுதாதீர்கள். ஒரே அட்டையின் இரண்டு பதிப்புகள் கிடைத்தால் பூதக்கண்ணாடியால் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் மாறாமல் இருப்பதே நம்பத்தக்கது. காங்கிரஸ் நூலகத்தின் பெரிய படங்களைத் திரையில் முழுவதுமாகப் பெரிதாக்கிப் பார்ப்பதும் பயனுள்ளது. கடைப் பலகைகளின் எழுத்துகள், மேல்மாடியில் உலரும் துணிகள், சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவரின் முகம் என்று எல்லாமே தெரியவரும்.

விளம்பரத்தை எப்படிப் படிப்பது

விளம்பரங்களை ஒதுக்கச் சொல்லவில்லை. அவை என்ன வசதியை விற்றன என்பதே ஒரு சான்று. அட்லாண்டிக் சிட்டியின் பெரிய ஹோட்டல்கள் அறைக்குள் கடல்நீர்க் குளியலை விற்றன: தொட்டிக்கு மேலே நல்ல தண்ணீருக்கு வெந்நீரும் குளிர்நீருமாக இரண்டு குழாய்கள், கடல்நீருக்கும் அதேபோல் இரண்டு. கடல் கண்ணெதிரே இருக்க, அதைக் குழாயில் அறைக்குக் கொண்டுவருவதற்குக் காசு கொடுக்கத் தயாராக இருந்த மக்கள் கடலிடம் எதை எதிர்பார்த்தார்கள் என்று யோசியுங்கள். நீந்துவதற்காக அன்றி உடல்நலத்துக்காகக் கடற்கரைக்கு வந்த தலைமுறை அது. ஒவ்வோர் அறைக்கும் தனிக் குளியலறை என்பதும் பிளெனிமின் பெருமையாக இருந்தது. ஒயிட் குடும்பத்தின் விளம்பரங்களின் அடியில் 'உரிமையாளரே நடத்துவது' என்ற பொருள்படும் வரி தவறாமல் வரும். குத்தகைக்கு விட்ட ஹோட்டல்களிலிருந்து தன்னை வேறுபடுத்திக்கொள்ளும் வரி அது.

'மிகப் பெரிய', 'முதல்' என்ற சொற்கள் வரும்போது பேனாவை நிறுத்துங்கள். திறந்த காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய இரும்புக் கம்பிக் கான்கிரீட் கட்டடம் பிளெனிம்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டிருக்கிறது. 'அப்படிச் சொல்லப்பட்டது' என்று எழுதுவதில் குறைவொன்றும் இல்லை. யார், எப்போது சொன்னார்கள் என்பதையும் சேர்த்தால் அந்த வரி இன்னும் வலுப்பெறும். பெரும்புள்ளிகள் தங்கினார்கள் என்ற பட்டியலையும் இப்படியே நடத்துங்கள்: அன்றைய செய்தித்தாளின் வருகையாளர் பத்தியில் பெயர் இருந்தால் சேருங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பழைய சாப்பாட்டுப் பட்டியல்களைத் தேடுவது வீணாகாது. நியூயார்க் பொது நூலகத்தில் 1900 முதல் பட்டோல்ப் என்ற பெண்மணி சேர்க்கத் தொடங்கிய உணவுப் பட்டியல்களின் பெருந்தொகுப்பு இருக்கிறது. உணவுப் பட்டியலில் நாள் அச்சாகியிருக்கும் என்பதால் அது நோட்டின் மூன்றாவது பத்திக்கு மிகவும் உகந்த ஆவணம்.

உழைத்தவர்களைத் தேடுதல்

இந்தப் பகுதி இல்லாத ஹோட்டல் வரலாறு பாதி வரலாறுதான் என்பது என் உறுதியான கருத்து. அட்லாண்டிக் சிட்டியின் ஹோட்டல்களில் பரிமாறியவர்கள், அறை துடைத்தவர்கள், சமைத்தவர்கள், பெட்டி தூக்கியவர்கள், போர்டுவாக்கில் சக்கர நாற்காலி தள்ளியவர்கள் ஆகியோரில் மிகப் பெரும்பாலோர் தென் மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பின மக்கள். அவர்கள் ஊரின் வடபகுதியில், நார்த்சைடு என்ற பேட்டையில் வாழ்ந்தார்கள். தாங்கள் விரித்த படுக்கையில் அவர்கள் தங்க முடியாது. கடலில் இறங்குவதற்கும் மிசூரி அவென்யூ முனையில் ஒரு துண்டுக் கடற்கரைதான் அவர்களுக்கு என்று நாளடைவில் ஒதுங்கியது. இவர்களில் யாருடைய பெயரும் ஹோட்டலின் விளம்பரத் தாளில் இருக்காது.

அவர்களைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கு. 72 ஆண்டுகள் கழிந்த பின் தனிமனிதர் தாள்கள் வெளியிடப்படுகின்றன. 1950இன் தாள்கள் 2022இல் வெளிவந்தன. ஹோட்டலிலேயே தங்கி வேலைசெய்தவர்களின் பெயர், வயது, இனம், பிறந்த மாநிலம், தொழில் எல்லாம் அங்கே இருக்கும். ஆனால் கணக்கெடுத்த நாளைப் பாருங்கள்: 1910இல் ஏப்ரல் 15, 1920இல் ஜனவரி 1, 1930இல் ஏப்ரல் 1. கடற்கரை ஹோட்டலின் ஆள்பலம் ஜூலையில் உச்சத்தில் இருக்கும். ஜனவரியில் எடுத்த கணக்கை வைத்து 1920இல் ஊழியர் குறைந்துவிட்டார்கள் என்று எழுதினால் குளிர்காலத்தைச் சரிவு என்று தவறாகப் படித்தவர்களாவோம். இரண்டாவது வழி, ஊர் முகவரிப் புத்தகங்கள். பெரும்பாலான ஊழியர்கள் வெளியே தங்கியதால் கணக்கெடுப்பின் ஹோட்டல் பக்கத்தில் இருக்கமாட்டார்கள். முகவரிப் புத்தகத்தில் நார்த்சைடு தெருக்களைப் பார்த்து, பெயருக்குப் பக்கத்தில் 'பரிமாறுபவர்' என்று போட்டிருக்கும் வரிகளை எண்ண வேண்டும். பொறுமை வேண்டும், ஆனால் ஒரு தெருவை எண்ணி முடித்தாலே அந்த ஊர் எதன்மேல் நின்றது என்பது விளங்கிவிடும்.

உயிரோடு இருக்கும் முதியவர்களிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால், 'ஹோட்டல் எப்படி இருந்தது?' என்று கேட்காதீர்கள். 'எந்த வாசல் வழியாக உள்ளே போவீர்கள்?' என்று கேளுங்கள். பின்வாசல், மாடிப்படி, சீருடை மாற்றும் இடம், சாப்பிட்ட மேசை என்று நினைவு தானாக நடக்கத் தொடங்கும். அவர் சொல்லும் ஆண்டுகளை மட்டும் வேறு தாளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். குடும்பத்தார் ஒப்புக்கொள்ளாமல் எவர் பெயரையும் வெளியிட வேண்டாம்.

எப்படி மறைந்தது

ஒரு ஹோட்டலின் முடிவை எழுதும்போது கண்ணீர் முந்திக்கொள்ளும். காரணத்தை முதலில் எழுதுங்கள். இங்கே காரணங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. 1942இல் ராணுவ விமானப்படை அட்லாண்டிக் சிட்டியின் பெரிய ஹோட்டல்களைப் பயிற்சி முகாமாக எடுத்துக்கொண்டது. 1929இல் திறந்த மாநாட்டு மண்டபத்தில் வீரர்கள் அணிவகுத்தார்கள், ஹேடன் ஹால் ஹோட்டல் கை கால் இழந்தவர்களுக்கான ராணுவ மருத்துவமனையானது. போருக்குப் பின் காரும் விமானமும் வந்தன. ரயிலில் வந்து ஒரு வாரம் தங்கிய குடும்பங்கள் காரில் வந்து ஓர் இரவில் திரும்பின, அல்லது புளோரிடாவுக்குப் பறந்தன. 1964இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு வந்த செய்தியாளர்கள் ஹோட்டல்களின் மங்கிய நிலையை நாடறிய எழுதினார்கள். டிரேமோர் 1972இல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் தகர்ப்புப் படங்களைப் பிளெனிமுடையவை என்று எண்ணிவிடாமல் இருக்கக் குவிமாடங்களை எண்ணிப் பாருங்கள்.

பிளெனிமைச் சாய்த்தது சரிவு மட்டுமன்று. ஊரை மீட்பதாகச் சொன்ன திட்டமும்தான். 1976 நவம்பரில் நியூஜெர்சி மக்கள் அட்லாண்டிக் சிட்டியில் சூதாட்டத்துக்கு வாக்களித்தார்கள். 1977இல் வந்த சட்டம் சூதாட்டக் கூடம் நடத்த விரும்பும் ஹோட்டலுக்குக் குறைந்தது 500 அறைகள் வேண்டும், ஒவ்வொன்றும் 325 சதுர அடியாவது இருக்க வேண்டும் என்று வகுத்தது. ஏறத்தாழ 18 அடிக்கு 18 அடி என்று தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பாருங்கள். 1906ஆம் ஆண்டின் விடுதி அறையோடு அதை ஒப்பிட்டால் பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பதைவிட இடித்துக் கட்டுவது ஏன் இலாபமாகத் தோன்றியது என்பது விளங்கும். ஆனாலும் இது ஒன்றே விதியாகிவிடவில்லை. ஹேடன் ஹால் உள்ளே மாற்றியமைக்கப்பட்டு 1978 மே 26 அன்று நெவாடாவுக்கு வெளியே நாட்டின் முதல் சட்டப்பூர்வச் சூதாட்ட ஹோட்டலாகத் திறந்தது. பிளெனிமுக்குப் பக்கத்திலிருந்த டென்னிஸ் ஹோட்டல், பிளெனிம் இருந்த இடத்தில் எழுந்த புதிய சூதாட்ட வளாகத்தின் அறைகளாக மாறிப் பிழைத்தது. ஒரே தெருவில், ஒரே சட்டத்தின் கீழ், ஒன்று பிழைத்து ஒன்று ஏன் விழுந்தது? உங்கள் கட்டுரையில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய கேள்வி இதுதான். அறை வரைபடங்கள், மனையின் வடிவம், புதிய உரிமையாளர்களின் கணக்கு, நீதிமன்ற ஆவணங்கள் என்று விடை பல இடங்களில் சிதறிக் கிடக்கும்.

நாட்களைத் துல்லியமாக எழுதுங்கள். மார்ல்பரோவை இரும்புக் குண்டால் இடித்தார்கள். பிளெனிமின் பெரும்பகுதி 1978 இலையுதிர் காலத்தில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. பாதுகாக்கப் போராடியவர்கள் தடையாணை பெற்றதால், போர்டுவாக்கைப் பார்த்திருந்த வட்டக் கூடம் மட்டும் மற்றதிலிருந்து அறுத்துப் பிரிக்கப்பட்டுச் சில மாதங்கள் தனியே நின்றது. தடை நீங்கியதும் 1979 ஜனவரி 4 அன்று அதுவும் விழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அந்த இடத்தில் பாலிஸ் பார்க் பிளேஸ் என்ற சூதாட்ட ஹோட்டல் திறந்தது. 'பிளெனிம் 1978இல் இடிக்கப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்தால், தலையில்லாத உடம்பு போலத் தனியே நின்ற அந்த மாதங்களையும், அவற்றுக்காகப் போராடியவர்களையும் சேர்த்தே அழித்துவிடுகிறோம்.

களத்துக்குப் போதல்

எல்லாத் தாள்களையும் பார்த்த பிறகே இடத்துக்குப் போங்கள். முன்பே போனால் எதைப் பார்ப்பது என்று தெரியாது. அட்லாண்டிக் சிட்டிக்குப் போகிறவர்கள் அங்குள்ள பொது நூலகத்தில், ஊர் வரலாற்றாசிரியர் ஆல்பிரட் ஹெஸ்டன் பெயரில் அமைந்த உள்ளூர்த் தொகுப்பையும் பார்த்துவிடலாம். பிறகு காப்பீட்டு வரைபடத்தின் நகலையும் ஓர் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு பார்க் பிளேஸ் முனைக்கு நடந்து வாருங்கள். தெருக்களின் அகலம் பெரும்பாலும் மாறுவதில்லை. தெருவோரத்திலிருந்து வரைபடத்தில் எத்தனை அங்குலம் என்று பார்த்து, அங்குலத்துக்கு 50 அடியாகக் கணக்கிட்டு அளந்தால், பழைய சுவர் நின்ற கோட்டின்மேலேயே நீங்கள் நிற்கலாம்.

நான் அப்படி நின்றது நவம்பரில் ஒரு காலை. கையில் அந்த அஞ்சலட்டை இருந்தது. பென்சில் குறி போட்ட ஜன்னல் கீழிருந்து எத்தனையாவது மாடி, மூலையிலிருந்து எத்தனையாவது என்று வீட்டிலேயே எண்ணி வைத்திருந்தேன். வரைபடத்தின் அளவுப்படி ஓஹையோ அவென்யூப் பக்கத்திலிருந்து அடியெண்ணி நடந்து நின்று, அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு மேலே பார்த்தேன். குறி விழுந்த உயரத்தில் வெறும் காற்றுதான் இருந்தது. அதன் வழியாக ஒரு கடற்பறவை போயிற்று. நோட்டைத் திறந்து முதல் பத்தியில் அறை இருந்த இடத்தையும், இரண்டாவதில் 'அஞ்சலட்டை, வரைபடம், கால் அளவு' என்பதையும், மூன்றாவதில் அன்றைய தேதியையும் எழுதினேன்.